ஏழாம் பாடத்தில் என் பேர்

கோலா கெத்தில்
6 ஜூலை 2025

அன்புள்ள ரமணிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீயும் பேத்தி ரூபினியும் மெர்கோங்கில் சுகமாக இருப்பீர்கள் என்று மாரியம்மா மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன். உனக்குக் காது மந்தமான பிறகு போனில் பேசுவது சுவரோடு பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. அதனால் அஞ்சாம் வகுப்போடு நின்ற இந்தக் கையெழுத்தைக் கஷ்டப்பட்டுப் படித்துக்கொள்.

முதலில் நல்ல சேதிகள். மூத்த பேரன் தேவனுக்குக் கூலிம் ஹைடெக் பூங்காவில் பதவி உயர்வு. முப்பத்திரண்டு பேருக்கு இப்போது அவன்தான் சூப்பர்வைசர். உள்ளே போவதற்கு முன் உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு போட்டுக்கொள்ள வேண்டுமாம், ஒரு தலைமுடி விழுந்தால் கூட வேலை நின்றுவிடுமாம். பேத்தி ஷாமளா சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிள்ளைகள் வார்டில் அவள் இல்லாவிட்டால் டாக்டருக்கே கை ஓடாது என்கிறார்கள். சின்னவள் நளினி பினாங்கு யூனிவர்சிட்டியில் இரண்டாம் வருஷம், கணக்கில் அவள்தான் முதல். எங்கள் பரம்பரையில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் பெண் என்று கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அதே கோயிலில்தான் உன் சேதியும் கிடைத்தது. உங்கள் அலோர் ஸ்டார் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க ஓரகத்தி ஆன்லைன்ல ரவிக்கை வெட்டுற கிளாஸ் எடுக்கறாங்களே, நூத்தி நாப்பது பேர் காசு கட்டிப் படிக்கிறாங்களாம், உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். தெரியும் என்று சொன்னேன். தெரியாது என்று சொல்ல முடியுமா. நம்மைக் கட்டிய அண்ணனும் தம்பியும் போய்ச் சேர்ந்த பிறகும் மாதம் ஒரு கடிதம் எழுதுகிற இரண்டு ஓரகத்திகள் இந்தக் கெடா மாநிலத்தில் நாம் மட்டும்தான் இருப்போம். அப்படியிருந்தும் ஊரார் வாயிலிருந்து கேட்க வேண்டியதாயிற்று.

சந்தோஷம்தான். ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்கு நீ கல்யாணப் பெண்ணாக வந்தபோது ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. என் கால் மெஷினில் உட்கார்ந்து, என் கையால் கோடு போட்ட துணியில்தான் முதல் தையல் ஓட்டினாய். பழசை ஞாபகப்படுத்தினேன், வேறொன்றும் இல்லை.

எனக்கு அதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க நேரமில்லை. தீபாவளிக்கு இப்போதே ரவிக்கைத் துணி வந்து குவிகிறது.

உன் அக்கா,
குணவதி

மெர்கோங்
20 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் ரமணி கும்பிட்டு எழுதிக்கொள்வது. பேரப்பிள்ளைகளின் சேதி எல்லாம் படித்தேன். தேவனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

கிளாஸ் விஷயம் நான் எழுதாதது தப்பு. வெட்கமாக இருந்தது. இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறேன் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். ரூபினி ஹோட்டல் வேலையை விட்ட பிறகு ஆறு மாதம் வீட்டில்தான் இருந்தாள். ஒருநாள் நான் துணி வெட்டுவதைச் சும்மா போனில் பிடித்தாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

முதலில் எல்லாரும் சும்மா பார்க்கிற இடத்தில் போட்டோம். நான் கத்தரியைத் துணியில் வைக்கிற நேரம் பார்த்து எவனோ ஒருவன் டயர் விற்க வந்துவிடுவான். போதாததற்கு ஒருத்தி மொத்தப் பாடத்தையும் எடுத்துத் தன் பேரில் போட்டுவிட்டாள், கீழே அவளை டீச்சர் என்று கூப்பிட்டு நூறு பேர் நன்றி எழுதியிருந்தார்கள். ரூபினி இரண்டு நாள் சாப்பிடவில்லை. பெரிய கம்பெனி ஒன்று பூட்டு போட்டுப் பத்திரமாக வைத்துத் தருமாம், ஆனால் மாதா மாதம் டாலரில் கேட்டார்கள், நாங்கள் சம்பாதிப்பதை அப்படியே கொடுத்தாலும் பத்தாது. கடைசியில் ஒரு சின்ன இடம் கண்டுபிடித்தாள். மலிவு. விளம்பரம் வராது. காசு கட்டியவருக்கு மட்டும் சாவி மாதிரி ஒரு சொல் கொடுப்பார்கள், அதைப் போட்டால்தான் படம் திறக்கும்.

ஒரே ஒரு இடைஞ்சல். தண்ணி மீட்டர் மாதிரிதான் அது. எல்லாரும் பார்க்கிற நேரத்தைக் கூட்டி மாதத்துக்கு இவ்வளவு என்று வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் அடுத்த மாதம் முதல் தேதி வரை கதவை அடைத்துவிடுவார்கள். அதனால் ரூபினி என் பேச்சைக் குறைத்துக்கொண்டே இருக்கிறாள். "கதை வேணாம் பாட்டி, நேரா கத்தரிக்கு வாங்கலா" என்பாள். எனக்கோ பாதி காதில் விழாது. எடுத்த படத்தைப் போட்டுப் பார்ப்பதும் இல்லை. என் குரலே எனக்குக் கேட்காதபோது என்னத்தைப் பார்ப்பது.

உங்களுக்கு ஒரு சாவி போட்டு தேவன் போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். காசு கிடையாது. உங்கள் பேரிலேயே இருக்கும். நேரம் கிடைத்தால் பாருங்கள்.

அன்புடன்,
ரமணி

கோலா கெத்தில்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ரமணிக்கு,

சுகம். முதல் சேதி: தேவன் புதுக் காடி வாங்கிவிட்டான், இப்போது அதை ஓட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறான். ஷாமளாவுக்குச் சிறந்த ஊழியர் பத்திரம் கொடுத்திருக்கிறார்கள், கண்ணாடி போட்டு மாட்டியாகிவிட்டது.

தேவன் அந்தச் சாவியைப் போட்டுக் காட்டினான். நான் அடுப்பில் கை வைத்துக்கொண்டே ஒரு எட்டு எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். இருந்தாலும் கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியுமா.

இரண்டாம் பாடத்தில் கழுத்து வளைவை ஒரே மூச்சில் வெட்டுகிறாய், புதுசாகப் படிக்கிறவளுக்கு அது பிடிபடாது. நாலாம் பாடத்தில் லைனிங் துணியை நனைத்துக் காயவைக்கச் சொல்லவே இல்லை. அஞ்சாம் பாடத்தில் நீ உடுத்தியிருக்கிற பச்சைச் சேலை உனக்கு எடுப்பாக இல்லை. ஆறாம் பாடத்தில் பின்னால் பூனை போகிறது. ஒரு எட்டில் இவ்வளவுதான் தெரிந்தது.

ஏழாம் பாடத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ரெண்டு தோள் ரவிக்கை. ரப்பர் பால் வெட்டுக்குப் போய், தோளில் வைக்கிற காண்டாக் கம்பில் பால் வாளி தூக்கித் தூக்கி ஒரு பக்கத் தோள் இறங்கிப் போன பொம்பளைகளுக்காக, இரண்டு தோளையும் தனித்தனியாக அளந்து வெட்டுகிற வெட்டு. கோலா கெத்திலில் வந்து கேள். கைப்பை மாட்டி, பிள்ளையை இடுக்கித் தோள் சாய்ந்த பாக்டரிப் பெண்கள் இன்றைக்கும் என்னிடம் வருவது இந்த வெட்டுக்குத்தான். "தோள் பார்த்து வெட்டுற குணவதியம்மா" என்றால் பாசாரில் மீன் விற்கிறவனுக்குக் கூடத் தெரியும்.

நீ அதை உன் கைக்காரியம் மாதிரி ஆற அமரச் சொல்லிக் கொடுக்கிறாய். எட்டிப் பார்த்த அளவில், ஏழு பாடத்திலும் ஓரிடத்தில் கூட, இந்தக் கையைப் பிடித்துத் தையல் சொல்லிக் கொடுத்தவள் இன்னார் என்று ஒரு வார்த்தை இல்லை. நூத்தி நாப்பது பேரும் நீ கத்தரியோடு பிறந்தவள் என்றுதானே நினைப்பார்கள். அந்தப் பேரைச் சொன்னால் வாய் வெந்துவிடுமா ரமணி?

எனக்கு இதில் ஒன்றும் இல்லை. நியாயத்தைத்தான் எழுதினேன்.

உன் அக்கா,
குணவதி

மெர்கோங்
21 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

பதினாலாம் தேதியிலிருந்து எங்கள் பாடம் மூடிக்கிடக்கிறது. மீட்டர் தாண்டிவிட்டது என்று அந்தச் சின்ன இடத்திலிருந்து சேதி வந்தது. தீபாவளிக்குத் தாங்களே தைத்துப் போட வேண்டும் என்று போன மாதம்தான் முப்பது பேர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாய் என்று ஒருத்தி வாய்க்கு வந்தபடி எழுதினாள். பத்துப் பேருக்கு ரூபினி பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மேலும் காசு கட்டினால் உடனே திறப்பார்கள், ஆனால் அந்தக் காசுக்கு அந்தப் பெரிய கம்பெனிக்கே போயிருக்கலாம்.

யார் இவ்வளவு பார்த்தார்கள் என்று ரூபினி தேடினாள். அதில் ஆளுக்கு ஆள் எவ்வளவு நேரம் பார்த்தார் என்று வருமாம் அக்கா. எனக்கு அது தெரியாது, இப்போதுதான் காட்டினாள். மற்றவர்கள் எல்லாம் மூணு மணி, நாலு மணி. ஒரே ஒரு சாவி மட்டும் பதின்மூன்று நாளில் நூற்றெண்பத்தாறு மணி நேரம். எல்லாமே ஏழாம் பாடம். எல்லாமே கோலா கெத்திலிலிருந்து. உங்கள் பேர் போட்ட சாவி.

நீங்கள் அந்தச் சாவியை ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டீர்கள் என்கிறாள் ரூபினி. "பெரிய பாட்டிக்கு நம்ம மேல பொறாமை, வேணும்னே செஞ்சிருக்காங்க" என்றாள். அப்படிச் சொல்லாதே என்று அதட்டினேன். ஆனால் அவள் உங்கள் சாவியை அடைத்துவிட்டாள், நான் தடுக்கவில்லை.

ஏழாம் பாடத்தில் உங்கள் பேர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் சொன்னேன் அக்கா. அந்தப் பாடத்தில்தான் சொன்னேன், நெஞ்சு நிறையச் சொன்னேன், சொல்லும்போது கத்தரியைக் கீழே வைத்தது கூட ஞாபகம் இருக்கிறது. நூற்றெண்பத்தாறு மணி நேரம் ஓடிய படத்தில் அது உங்கள் காதில் விழவில்லை என்றால் நான் எதை நம்புவது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் நீங்கள் கற்றுக்கொடுத்தது, ஆயிரம் பேர் முன்னால் சொல்வேன். ரெண்டு தோள் ரவிக்கை மட்டும் நான் கண்டது. அது உங்களுக்கே தெரியும்.

சாவியை யாரிடம் கொடுத்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். அதற்குப் பிறகு எழுதுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

ரமணி

கோலா கெத்தில்
28 செப்டம்பர் 2025

ரமணிக்கு,

இந்த முறை பேரப்பிள்ளைகள் சேதி எதுவும் இல்லை.

சாவியை நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அத்தனை மணி நேரமும் நான் ஒருத்திதான்.

எட்டிப் பார்த்தேன் என்று எழுதியது பொய். ஜூலையிலேயே ஏழு பாடத்தையும் மூன்று தரம் பார்த்து முடித்துவிட்டேன். இந்த மாதம் முதல் தேதி தேவன் பெரிய டேப்லெட் ஒன்று வாங்கித் தந்தான், என் கண்ணுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று. முடிந்ததும் தானாகத் திரும்ப ஓடும்படி செய்யச் சொன்னேன். அதை மெஷின் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, விடிந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை ஏழாம் பாடத்தை ஓட விட்டேன். சமைக்கும்போதும் அது ஓடும். பாசாருக்குப் போகும்போது கூட அணைக்கவில்லை. மீட்டர் என்று நீ எழுதியிருந்தாய், படித்தேன். என் வீட்டில் ஓடுவது உன் வீட்டு மீட்டரில் விழும் என்று புத்திக்கு எட்டவில்லை. தேவனுக்கும் அது தெரியாது, அவனை ஏச வேண்டாம்.

ஏன் ஓட விட்டேன் என்றால், என் பேர் வருகிறதா என்று. நான் ஒரு நிமிஷம் கண் அசந்த இடத்தில் நீ சொல்லியிருப்பாயோ, மெஷின் சத்தத்தில் கேட்காமல் போயிருக்குமோ என்று திரும்பத் திரும்பப் போட்டேன். உன்னைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. எனக்கும் அஞ்சாம் வகுப்பு, உனக்கும் அஞ்சாம் வகுப்பு. அந்த நூத்தி நாப்பது பேரும் உன்னை டீச்சர் என்கிறார்கள், என்னைக் கூப்பிடுகிறவர்கள் ரவிக்கை ரெடியா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரூபினி சொன்னது பொய்யில்லை. பொறாமைதான். வேணுமென்று செய்தேன் என்பது மட்டும் பொய்.

ரெண்டு தோள் ரவிக்கை உன்னுடையதுதான். முதன்முதலாக அதை வெட்டியது என் உடம்புக்கு. பால் வெட்டி வந்து குளித்துவிட்டு நிற்கும்போது என் வலது தோள் இறங்கியிருப்பதைப் பார்த்து, பழைய பேப்பரைக் கத்தரித்து என் மேல் வைத்து அளந்தாய். அன்றைக்கு வரை ரவிக்கை தோளை விட்டு நழுவிக்கொண்டே இருக்கும், ஒரு கையால் பிடித்துக்கொண்டே காண்டா தூக்குவேன். நீ தைத்துக் கொடுத்ததைப் போட்ட நாள் இரண்டு கையையும் வீசி நடந்தேன். பிறகு நீங்கள் குடும்பத்தோடு மெர்கோங்குக்குப் போய்விட்டீர்கள். யாராவது இது யார் வெட்டு என்று கேட்டால், முதல் இரண்டு மூன்று பேரிடம் உன் பேரைச் சொன்னேன். அப்புறம் சொல்லவில்லை. நாற்பது வருஷமாகச் சொல்லவில்லை. நான் உன் பேரை எடுத்துவிட்டு, நீ என் பேரைச் சொல்லவில்லை என்று சண்டைக்கு நின்றிருக்கிறேன்.

ஆனாலும் ரமணி, நீ சொன்னதாக எழுதுகிறாய், படத்தில் அது இல்லை. இதில் நான் பொய் சொல்லவில்லை. ஒன்பதாம் நிமிஷத்தில் கத்தரி உன் வலது கையில் இருக்கிறது. கண் மூடித் திறப்பதற்குள் அது மேஜை மேல் கிடக்கிறது, உன் கண் சிவந்திருக்கிறது, முந்தானை நனைந்திருக்கிறது. நடுவில் துணி ஒட்டுப் போட்ட மாதிரி ஒரு இடம் தெரிகிறது. தையல்காரிக்கு ஒட்டு தெரியாமல் போகுமா. அந்த இடத்தில் என்ன இருந்தது என்று ரூபினியைக் கேள்.

திருப்பிக் கொடுத்த பத்துப் பேர் பணம் என் கணக்கு. தேவன் மூலம் அனுப்பியிருக்கிறேன்.

குணவதி

மெர்கோங்
5 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை ரூபினியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஒட்டு என்று நீங்கள் எழுதிய இடம் வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

அவள்தான் வெட்டியிருக்கிறாள். நாலரை நிமிஷம். பாடம் நீண்டுவிட்டது, நூத்தி நாப்பது பேரும் அதைப் பார்த்தால் மீட்டர் தாங்காது, கத்தரி வேலை இல்லாத இடம் என்று எடுத்துவிட்டாளாம். யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று கூட அவள் கவனிக்கவில்லை. போனில் இடமில்லை என்று வெட்டிய துண்டையும் அழித்துவிட்டாள். எனக்குக் காது கேட்டிருந்தால் ஒரு தரமாவது போட்டுப் பார்த்திருப்பேன், அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நாலரை நிமிஷமும் உங்களைப் பற்றித்தான் அக்கா. நீங்கள் பிரம்பு மாதிரி ஸ்கேல் வைத்துக்கொண்டு என் முட்டியில் அடித்தது, நான் கெடுத்த முதல் துணி மாமியார் சேலை என்று தெரிந்தும் நீங்கள் கெடுத்ததாகச் சொல்லி ஏச்சு வாங்கிக்கொண்டது, உங்கள் இறங்கின தோள். வெட்டு நான் கண்டது, ஆனால் கண்டது அந்தத் தோளில்தான், இந்தக் கையைப் பிடித்துக் கோடு போட வைத்தது கோலா கெத்தில் குணவதி அக்கா என்று முழுப் பேரும் சொன்னேன்.

நீங்கள் எழுதிவிட்டீர்கள், நானும் எழுதிவிடுகிறேன். உங்கள் கடிதம் வந்தால் முதல் பக்கத்தை மடித்துவிட்டு இரண்டாம் பக்கத்திலிருந்துதான் படிப்பேன். தேவன், ஷாமளா, நளினி என்று வரிசையாக வரும்போது, வேலையை விட்டு மூலையில் உட்கார்ந்திருந்த என் ரூபினியை நான் எங்கே வைத்து எழுதுவது. பொறாமையிலும் நான் உங்கள் ஓரகத்திதான்.

முதல் தேதி கதவு திறந்துவிட்டது. உங்கள் சாவியையும் ரூபினி திறந்துவிட்டாள். பணத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம், அந்தப் பேச்சு வேண்டாம். "பெரிய பாட்டிகிட்ட சாரி சொல்லுங்க, ஆனா பார்த்து முடிச்சதும் அமத்தச் சொல்லுங்கலா" என்கிறாள். அடுத்த ஞாயிறு எட்டாம் பாடம் எடுக்கிறோம். அதில் முதல் வேலையாக உங்களைப் பற்றி மறுபடி சொல்கிறேன். நாலரை நிமிஷம் இல்லாவிட்டாலும் அரை நிமிஷமாவது விடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பதில் போடுங்கள் அக்கா.

உங்கள் ரமணி

கோலா கெத்தில்
9 அக்டோபர் 2025

அன்புள்ள ரமணிக்கு,

கடிதம் வந்தது. இரண்டு தரம் படித்தேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். கொஞ்சம் இருக்கிறது. இருக்கட்டும், எழுபத்து மூன்று வயதில் அது ஒன்றுதான் சுறுசுறுப்பாக இருக்கிறது.

நேற்று ஒரு பாக்டரிப் பெண் ரவிக்கை வாங்க வந்தாள். தோள் நன்றாக நிற்கிறது, எங்கே கற்றீர்கள் என்றாள். என் ஓரகத்தி ரமணி கண்ட வெட்டு, மெர்கோங்கில் இருக்கிறாள், வேண்டுமானால் காசு கட்டிப் படி, என் டேப்லெட்டில் சும்மா பார்க்கக் கேட்காதே என்று சொன்னேன். அவள் சேர்ந்துவிட்டாளா என்று ரூபினியிடம் கேள்.

எட்டாம் பாடத்தில் என்னைப் பற்றி எதுவும் சொல்லாதே. கேட்டு வாங்கின பேர் தைத்துப் பிரித்த துணி மாதிரி, ஊசி ஓட்டை தெரியும். நீ ஒருதரம் சொன்னாய், அது அழிந்து போனது, எனக்குத் தெரிந்துவிட்டது. அரை நிமிஷப் பிச்சை எனக்கு வேண்டாம்.

அதற்குப் பதில் அந்தப் படப்பிடிப்பை இரண்டு வாரம் தள்ளிப் போடு. உனக்கு நான் ஒரு ரவிக்கை தைத்து அனுப்புகிறேன். மாம்பழக் கலர் பட்டுத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், அந்தப் பச்சைச் சேலையோடு சேர்த்து உடுத்தாதே. அதைப் போட்டுக்கொண்டு பாடம் நடத்து. பேச்சை எத்தனை நிமிஷம் வேண்டுமானாலும் ரூபினி குறைத்துக்கொள்ளட்டும். பாடம் ஓடுகிறவரை என் தையல் உன் தோளில் இருக்கும், அதை அவளால் வெட்ட முடியாது.

உன் பழைய அளவு என்னிடம் இருக்கிறது, ஆனால் அது நீ மெர்கோங்குக்குப் போன வருஷத்து உடம்பு. அதனால் சுற்றளவை நீயே எடுத்து எழுது, தோளை நான் பார்த்து வெட்டப் புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பு. நேராக நின்று, கையைத் தொங்க விட்டு, இரண்டு தோளும் தெரிகிற மாதிரி. போனில் அனுப்பாதே. விரல் பட்டால் பெரிசாகிவிடுகிறது, அளவு நிற்பதில்லை. கடையில் பிரிண்ட் போட்டு, மடிக்காமல், இதைப் படித்த மறுநாளே தபாலில் சேர்த்துவிடு.

உன் அக்கா,
குணவதி